தாளத்தில் விழும் அடி

'ஸ்டீம்போட் வில்லி' 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் திரையிடப்பட்டது. ஒலியோடு வந்த முதல் கார்ட்டூன் அதுவல்ல. ஆனால் அடிதடி நகைச்சுவைக்குத் தாளம் கற்றுக்கொடுத்த படம் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

படத்தை உருவாக்கிய வால்ட் டிஸ்னியும் அப் ஐவர்க்ஸும் இசையைப் பின்னால் ஒட்டவில்லை. உடன் பணியாற்றிய வில்ஃப்ரெட் ஜாக்சன் தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமைக் கொண்டு கணக்குப் போட்டார். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் நொடிக்கு இரண்டு தட்டுகள். காலடியும் குட்டும் அந்தக் கணக்கில் வரையப்பட்டன. அடுத்த அடி எப்போது விழும் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிகிறது. எப்படி விழும் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கிறது. இதுவே இக்கலையின் பெரும் பலம். 1929இல் வந்த 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' இதன் உச்சம். ஓர் எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பை சைலோபோனாக வாசிக்கிறது. வலிக்கச் சதை இல்லாததால் அங்கே அடி முழுவதும் இசையாகிவிடுகிறது.

உயிருள்ள உடலில் அதே அடி விழும்போதுதான் குறை தெரிகிறது. 'ஸ்டீம்போட் வில்லி'யில் எலி நாயகன் மிக்கி பூனையின் வாலை இழுத்துக் கத்தவைக்கிறான். பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளை உதறிவிட்டுத் தாயின் காம்புகளை அழுத்தி வாசிக்கிறான். மௌனப் பட நகைச்சுவை நடிகர்கள் சாப்ளினும் கீட்டனும் விழுந்தபோது நாம் அறிந்த ஒரு மனிதன் விழுந்தான். எழுவானா என்று மனம் தவித்தது. இங்கே அடிப்பவன் நாயகன், அடி வாங்குவது வெறும் வாத்தியம். தவிப்புக்கு இடமே இல்லை.

உடலை வெறும் பொருளாகப் பார்க்கும் பழக்கம் விலங்குகளோடு நிற்கவில்லை. 1930இல் தொடங்கிய லூனி டியூன்ஸ் கார்ட்டூன் தொடரின் முதல் நாயகன் பாஸ்கோ, கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை மரபிலிருந்து வார்க்கப்பட்டவன். ரப்பர் போல வளைத்த கோடு, ஒரு சமூகத்தின் முகத்தையும் அதே அலட்சியத்தோடு வளைத்தது.

1933இல் வந்த 'த்ரீ லிட்டில் பிக்ஸ்' ஒரு மாற்றத்தைக் காட்டியது. மூன்று பன்றிகளும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்று. நடையிலும் அசைவிலும் குணம் வேறுபட்டது. அவற்றைத் துரத்தும் ஓநாயின் பசியும் பிடிவாதமும் தெரிவதால், அது படும் பாடு சிரிப்பூட்டுகிறது. தாளம் போகவில்லை, குணத்துக்குப் பணிந்தது. ஆனால் அதே படத்தில் ஓநாய் யூத வியாபாரியாக வேடமிட்டு வந்த காட்சி, பிற்காலத்தில் மாற்றப்பட வேண்டியிருந்தது. கலை முதிர்ந்த வேகத்தில் மனம் முதிரவில்லை.

எனவே என் முடிவு இது: தாளம் அடியைச் சிரிப்பாக்கும், அடி வாங்குபவருக்கும் ஓர் உள்ளம் உண்டு என்று காட்டும்போதுதான் அந்தச் சிரிப்பு நிலைக்கும். 'ஸ்டீம்போட் வில்லி' 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் காப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையாகிவிட்டது. குழந்தைகளுக்கு அதை வெட்டாமல் முழுதாகக் காட்டுங்கள். அவர்கள் சிரித்து முடித்ததும், அந்தப் பூனைக்கு வலித்திருக்குமா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.