சைகைமொழிக் கவிதையும் திறந்தவெளி அரங்கும்: 'குரல்' என்னும் உருவகத்தின் எல்லை

விளிம்புநிலை மக்களின் படைப்புகளைச் சுட்டத் தற்காலத் திறனாய்வு 'குரல்' என்னும் சொல்லையே பெரிதும் ஆள்கின்றது. தலித் குரல், பெண் குரல், புலம்பெயர்ந்தோர் குரல் என்னும் தொடர்களில் இவ்வுருவகம் இடர் எதனையும் தருவதில்லை. காதுகேளாதோர் கவிதையையும் அவ்வரிசையில் சேர்த்து மாலைநேரத் திறந்தவெளிக் கவியரங்குகளை அமைக்கும்போதுதான் அது இடறுகின்றது. சைகைமொழிக் கவிதை கண்ணுக்கென்றே யாக்கப்படுவது. இவ்வியல்பை அரங்க அமைப்பு எந்த அளவு மதிக்கின்றது என்பதைக்கொண்டே இத்தகைய நிகழ்வுகளை மதிப்பிடுதல் வேண்டும் என இக்கட்டுரை கருதுகின்றது.

1880இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகைமொழியை விலக்கிப் பேச்சுவழிக் கல்வியை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகைமொழியின் கட்டமைப்பை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே கல்வியுலகு அதனை மொழியென ஏற்கத் தொடங்கியது. கவிதையியல் ஆய்வு அதன் பின்னர் எழுந்தது. கவிஞரும் மொழியியலாளருமான கிளேட்டன் வாலி, ஒரே கைவடிவம் மீண்டும் மீண்டும் வருதலைத் தொடைக்கு நிகராகக் கொண்டார். இவ்வொப்புமை தமிழ் யாப்பறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். ஆயினும் ஓரிடத்தில் அது நின்றுவிடுகின்றது. மோனையும் எதுகையும் சீர்தோறும் அடிதோறும் முன்பின்னாகவே அமையும். ஒரு நாவால் இரு சொற்களை ஒருங்கே ஒலித்தல் இயலாது. சைகைக் கவிஞரின் இரு கைகளோ ஒரே கணத்தில் ஒரே வடிவு கொண்டு இருவேறு பொருள்களை உணர்த்தவல்லன. இதற்குப் பெயரிடும் தேவை நம் யாப்பிலக்கணத்திற்கு நேர்ந்ததில்லை.

திறந்தவெளி இக்கவிதைக்கு ஒருவகையில் உகந்த இடமே. வாகன இரைச்சல் அதனைச் சிதைப்பதில்லை, ஒலிபெருக்கியும் வேண்டுவதில்லை. ஆனால் ஒலிக்கவிஞர்க்கு அழகு சேர்க்கும் அந்திப்பொழுது, சைகைக் கவிஞர்க்கு ஒலிவாங்கி சிறிது சிறிதாகச் செயலிழப்பதை ஒக்கும். புருவத்தின் உயர்வு சைகைமொழியில் இலக்கணக் கூறு. அது இருளில் மறைந்தால் வினா எது, கூற்று எது என்பது மயங்கும். பின்புறத்தே காற்றில் அலையும் மரக்கிளைகளும் கையசைவோடு போட்டியிடும். நிகழ்ச்சியின் இறுதியில், வண்ண விளக்குகளினிடையே சைகைக் கவிஞரை மேடையேற்றும் ஏற்பாடு எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்படினும் கவிதையின் பாதியை அழித்துவிடும்.

இதனினும் நுட்பமான சிக்கல் மொழிபெயர்ப்பில் உள்ளது. உரைபெயர்ப்பாளர் இடைவிடாது பேசிக்கொண்டிருந்தால், செவியுடையோர் அவரைக் கேட்டு நிறைவுற்றுக் கவிஞரைக் காண மறந்துவிடுவர். காதுகேளாத பீட்டர் குக்கும் செவித்திறனுடைய கென்னி லெர்னரும் இணைந்து அமெரிக்காவில் நிகழ்த்திவந்த கவிதைகள் இதற்கொரு மாற்றைக் காட்டுகின்றன. படிமத்தை அடையாளங்காண வேண்டிய சில சொற்களை மட்டும் ஒலித்து, எஞ்சியதை லெர்னர் கைகளுக்கே விட்டுவிடுகின்றார். வேல்சில் பிறந்த டோரதி மைல்ஸ் வேறொரு வழியை நாடினார்: ஆங்கிலச் சொல்லும் சைகையும் ஒருங்கே பொருந்துமாறு யாத்தார். இரண்டனுள் முன்னதே திறந்தவெளி அரங்கிற்கு ஏற்றது என்பது என் கருத்து.

'விளிம்புநிலை' என்னும் பொதுப்பெயரும் ஆய்வுக்குரியது. இனப்பிரிவினை நிலவிய அமெரிக்கத் தென்மாநிலப் பள்ளிகளில் உருப்பெற்ற கறுப்பினச் சைகைமொழி, அகன்ற சைகைவெளியும் இருகை வடிவங்களின் மிகுதியும் உடையது. வெள்ளையர் வழக்கை மட்டுமே அறிந்த திறனாய்வாளர் இதனை மிகைநடிப்பு எனப் பிழைபட உணரக்கூடும்.

ஜமைக்கத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த காதுகேளாக் கவிஞர் ரேமண்ட் ஆன்ட்ரோபஸ் வாய்மொழிக் கவிதையரங்குகளில் வளர்ந்தவர். 'குரல்' என்னும் உருவகத்துள் எளிதில் அடங்குபவராகவே தோன்றுவார். எனினும் 2018இல் வெளிவந்த 'தி பெர்சிவரன்ஸ்' தொகுப்பில், காதுகேளாச் சிறார் பள்ளி குறித்து டெட் ஹியூஸ் எழுதிய கவிதையின் அடிகள் அனைத்தையும் கறுப்புக் கோடுகளால் மறைத்து அச்சிட்டு, அடுத்துத் தம் மறுமொழிக் கவிதையை வைத்துள்ளார். மறுமொழியை எந்த மேடையிலும் ஒலித்துக்காட்டலாம். அதற்கு முந்திய பக்கத்தை நூலைக் கையிலேந்திப் பார்த்தே அறிதல் வேண்டும்.