ஆசிரியர் உருவாதல்: ‘என் சரித்திரம்’ காட்டும் நெறி

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஏட்டுச்சுவடிகள் மீண்ட வரலாறாகவே பெரிதும் பயிலப்பெறுகின்றது. மடத்து மாணாக்கர் ஒருவர் கல்லூரி ஆசிரியராக உருவான வரலாறும் அதனுள் உண்டு. அதுவே ஈண்டு ஆராயப்பெறுகின்றது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட ஐயர், 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவருக்குமுன் அப்பதவியிலிருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. ஓய்வு பெறுங்கால் அவரே ஐயரைப் பரிந்துரைத்தார். ஆகவே, பதவியோடு ஒரு மரபும் கைமாறிற்று. ‘இன்னாருடைய மாணாக்கர்’ என்பதே புதிய ஆசிரியரின் முதல் அடையாளமாயிற்று.

அவ்வடையாளம் மட்டும் போதாது என்பதை அதே ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு உணர்த்தியது. தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலியவற்றை ஐயர் அடுக்கிக் கூறினார். முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரோ அவற்றால் நிறைவுறாது, சீவக சிந்தாமணியைப் பற்றி வினவினார். ஐயர் அதனைப் பயின்றிலர். முதலியார் நூலைத் தந்து பாடஞ்சொல்ல வேண்டினார். கற்பிக்க அமர்ந்தவர் மீண்டும் கற்பவரானார். விளங்காத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. பதவி நியமனத்தால் வந்தது. ஆசிரியத் தன்மையோ அறியாமையை ஒப்பிக் கற்கத் தொடங்கியதால் முதிர்ந்தது என்பதே எம் துணிபு.

இதற்கொரு தடை எழும். இவ்வரலாறு 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் தொடராக வெளிவந்தது. அறுபது ஆண்டு கழித்து எழுதுபவர், பின்னர்ப் பெற்ற புகழின் ஒளியில் ஒரு சந்திப்பைத் திருப்புமுனையாகக் காணுதல் இயல்பே. எனவே, அந்த ஒரு நாளே அனைத்தையும் மாற்றிற்று என்று கொள்ளுதல் பொருந்தாது. எனினும், தமக்குப் பெருமை தராத செய்தியை மறையாது உரைத்தமை அக்கூற்றுக்கு வலுச் சேர்க்கின்றது.

2010-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு ஒழுங்குமுறைகள் ஆசிரியப் பணியைப் புள்ளிகளால் அளக்கும் முறையைக் கொணர்ந்தன. கட்டுரைகளை எண்ணலாம், ‘இதனை யான் கற்றிலேன்’ என்று உணர்ந்த நாளை எண்ணுதல் இயலாது. புதிய விரிவுரையாளர் இந்நூலில் முதற்கண் தேடத்தக்கது அந்நாளையே.