இன்னும் 42 நிமிஷம்

போன மாதம் ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போனேன். மெயின் ரோட்டை விட்டுத் திரும்பியதும் செல்போன் மேப் 'இன்னும் 42 நிமிஷம்' என்றது. டிரைவர் சிரித்தார். 'ஒண்ணேகால் மணியாவும் சார். அறுப்பு சீசன், ரோட்டுல நெல்லு காயப்போட்டிருப்பாங்க.' அவர் சொன்னதுதான் நடந்தது. தாலி கட்டியதைப் பார்க்கவில்லை, சாப்பாடு கிடைத்தது.

எந்த ஆப் என்று சொல்லப் போவதில்லை. அடிப்படை ஒன்றுதான். போகிற வண்டிகளில் இருக்கும் போன்கள் இடத்தையும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அதை வைத்துக் கணக்கு. அண்ணா சாலையில் ஆயிரக்கணக்கான போன்கள். ஊராட்சிச் சாலையில் மணிக்கு இரண்டு வந்தால் அதிகம். அதில் ஒன்று டீக்கடையில் நின்றால் அது டிராஃபிக் ஜாமா, டீயா? ஒன்றுமே வராவிட்டால் சாலையின் வகை, பழைய பதிவுகள் இவற்றை வைத்து உத்தேசம்தான்.

2020-ல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்போன்களைச் சின்ன தள்ளுவண்டியில் போட்டு பெர்லின் தெருக்களில் இழுத்துப் போனார். காலித் தெரு கூகுள் மேப்ஸில் சிவப்பானது. இல்லாத நெரிசல் தெரிகிறது என்றால், போன் இல்லாத ரோட்டில் இருக்கிற நெரிசல் எப்படித் தெரியும்?

இன்னொரு வம்பு, சராசரி. 10 கிலோமீட்டர் சாலையில் பைக் 60-ல் போகிறது, டிராக்டர் 15-ல். சராசரி வேகம் 37.5, அதன்படி 16 நிமிஷம். ஆனால் பைக்குக்கு ஆவது 10, டிராக்டருக்கு 40, சராசரி 25! அந்த 25-ம் இருவருக்குமே பொருந்தாது.

கல்யாணத்துக்கு லேட்டானால் பரவாயில்லை. பாம்புக் கடிக்கு? ஆஸ்பத்திரியை எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கவும் இந்த மாதிரி பயண நேர மேப்கள் உதவுகின்றன. 2020-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் உலகம் முழுவதற்கும் அப்படி ஒன்று வெளியானது. அதில் எனக்குப் பிடித்தது, வண்டியில் போகிறவருக்கு ஒன்று, நடந்து போகிறவருக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். யாருக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்கிற நேர்மை அது.

நம் கைபேசிக்கும் அது வேண்டும். '42' என்று அடித்துச் சொல்லாமல், '40-லிருந்து 80, தகவல் குறைவு' என்று சொன்னால் மரியாதை குறையாது. டிரைவரைக் கேட்டுக்கொள்வோம்.