அட்டையில் நிற்கும் குதிரை

ஊடகக் கற்கை மாணவி ஒருவர் செயற்திட்டத்துக்காக வடிவமைத்த சினிமா சஞ்சிகை அட்டையொன்றை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. ‘வாடைக்காற்று’ சிறப்பிதழாம். செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாக்கி எழுதி, 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த நாவல். 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் படமானது. தென்னிந்திய நட்சத்திரமொன்றை ஒட்டிவிடாமல் எங்கள் படத்தைத் தேடிப் போனதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

‘பேசும் படம்’, ‘பொம்மை’ அட்டைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். முகமில்லாத அட்டையை எமது கண் லேசில் ஒப்பாது. மாணவி முகத்தை விலக்கியிருக்கிறார், துணிவுதான். இதழின் பெயரெழுத்துகளைத் தீவின் முருகைக்கல் வேலிபோல, சாந்தின்றி அடுக்கியிருப்பதும் அழகு. ஆனால் நடுவில் நிற்பது நெடுந்தீவுக் குதிரை. இங்குதான் எனக்கு உடன்பாடில்லை.

குதிரை உல்லாசப் பயணியின் நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகேறி வந்து, பெருக்குமரத்தையும் கோட்டையையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்புபவரின் படம் அது. கதையோ, வாடைக் காலத்தில் தொழிலுக்கு வந்து கரையில் வாடியடிக்கும் மீனவருக்கும் ஊராருக்கும் இடையில் நடப்பது. வந்தவர் யார், இருந்தவர் யார் என்பதே அதன் உயிர். அந்த முருகைக்கல் வேலியை அட்டையின் குறுக்கே ஓடவிட்டு, அப்பால் ஒரு வாடியையும் காயும் வலையையும் வைத்திருந்தால் போதும். விலையையும் பார்கோட்டையும்கூட உரிய மூலையில் வைக்கத் தெரிந்தவருக்கு இது முடியாததல்ல.

கீழே பொடி எழுத்தில் இயக்குநர் பெயர் இருக்கிறது. நாவலாசிரியர் பெயரைக் காணவில்லை. அதைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னேன்.