நியூட்டன் உலையும் சித்தர் உலையும்

நியூட்டனுக்கு முன்பே சித்தர்கள் எல்லாவற்றையும் கண்டுவிட்டார்கள் என்று மலர்தோறும் யாராவது எழுதுகிறார்கள். பெரார்கஞ்ச் தமிழன்பர்கள் நாமும் படித்து மகிழ்கிறோம். கடைக்காரனான எனக்கு எதையும் எடைபோட்டுப் பார்த்தே பழக்கம். இதையும் பார்ப்போம்.

1687-இல் 'பிரின்சிப்பியா' வெளியிட்ட நியூட்டன், கேம்பிரிட்ஜில் பல ஆண்டுகள் உலை மூட்டி ரசவாதம் செய்தவர். அந்தக் கையெழுத்துப் படிகள் 1936-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒரு பகுதியை வாங்கிச் சேர்த்த பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ், நியூட்டனை மந்திரவாதிகளில் கடைசியானவர் என்றார். எனக்கு இது முழு நியாயமாகப் படவில்லை. ஈயத் தாதுவிலிருந்து வெள்ளி பிரிவதைக் கண்ணால் கண்ட காலம் அது. உலோகம் மாறும் என்று நம்பியதை மூடத்தனம் என்று தள்ள முடியுமா?

நம்ம பக்கமும் இதே கதைதான். 'வாதி கெட்டு வைத்தியன் ஆனான்' என்பது பழமொழி. பொன் வரவில்லை, பற்பமும் செந்தூரமும் வந்தன. 1669-இல் ஹாம்பர்க்கில் பிராண்ட் என்பவர் பொன் தேடிச் சிறுநீரைக் காய்ச்சினார், கிடைத்தது பாஸ்பரஸ்.

சித்தர்கள் பரிபாஷையில் மறைத்தார்கள் என்றால், நியூட்டனும் 'பச்சைச் சிங்கம்' என்றெல்லாம் குறித்து வைத்தார். தங்கத்தோடு சேர்ந்தால் சூடேறும் ஒரு பாதரசத்தைப் பற்றி 1676-இல் பாயில் அச்சில் எழுதினார். அதைச் செய்யும் முறையைக்கூடச் சொல்லவில்லை. அதற்கே நியூட்டன், பாயில் இனி மௌனம் காப்பது நல்லது என்று ராயல் சொசைட்டிச் செயலாளர் ஓல்டன்பர்க்குக்குக் கடிதம் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, மறைப்பதில் அவர் நம் சித்தர்களுக்கு இளைத்தவரில்லை!

ஆகவே, யார் முந்தி என்பதல்ல கேள்வி. எது வெளியே வந்தது என்பதே. நியூட்டனின் இயக்க விதிகள் அச்சேறின. கண்டவரெல்லாம் சோதித்தார்கள், அவை நிலைத்தன. அவருடைய ரசவாதமோ பெட்டிக்குள் கிடந்தது. ஒரே மனிதரின் இரண்டு உழைப்புக்கு இரண்டு கதி.

நம் சுவடிகளுக்கும் இதுவே அளவுகோல். பரிபாஷைச் சொல் ஒன்றுக்குப் பொருள் பல. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பாதரசத்தைப் புடமிட்டுத் தின்றவனுக்கு முதலில் போவது சிறுநீரகம். வெறும் பெருமைப் பேச்சு அவனைக் காப்பாற்றாது. ஒரே ஒரு செந்தூரத்தை எடுத்துக்கொண்டு, சரக்கின் எடை, புடத்தின் சூடு, முடிவில் கிடைத்த பொருள் இவ்வளவையும் எழுதி வெளியிட்டால், அது நூறு புகழுரைக்குச் சமம்.

தமிழில் வாதம் என்றால் ரசவாதமும் உண்டு, தர்க்கமும் உண்டு. எங்கள் சமண நூலின் நாயகி நீலகேசி பல சமயத்தாரையும் தேடிப்போய்ச் சபையறியச் செய்தாளே, அந்த வாதம்தான் ரசவாதத்துக்கு இன்று வேண்டியது என்பது என் துணிபு.