சுருதியை இறக்குபவர் யார் கட்சி?

வால்பாறை எஸ்டேட் நோம்பிகளில் ஆர்கெஸ்ட்ரா கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. "கீபோர்டுக்காரர் சுருதியைக் குறைச்சுட்டாருங்க, பாட்டு எடுபடலை" என்று மேடைக்கு எதிரிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். குறைத்தது உண்மை. அன்றைய இரவின் சிறந்த முடிவும் அதுதான் என்பது என் கட்சி.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 3,500 அடி உயரத்துக்கு வந்ததும் வாத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. குளிரில் கிட்டார் கம்பி இறுகிச் சுருதி ஏறும். குழலுக்குள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும். நாலு பாட்டுக்குச் சும்மா கிடந்துவிட்டு ஐந்தாவதன் பிஜிஎம்முக்கு எடுக்கும் குழல் இன்னும் கீழே நிற்கும். கீபோர்டு மட்டும் எந்தப் பனிக்கும் அசையாமல் 440 ஹெர்ட்ஸில் இருக்கும்.

கீபோர்டுக்காரர்கள் பலர் அந்த 440-லேயே உட்கார்ந்துகொள்வார்கள். குழல்காரர்தான் உதட்டை விலக்கி ஊதி மேலே வரவேண்டும். சுருதி சேரும், நாதம் போய்க் காற்று மிஞ்சும். நம்ம கீபோர்டுக்காரர் அப்படியில்லை. அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்க, குழல்காரர் மெல்ல ஊதிப் பார்ப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, மெனுவுக்குள் போய் 438-க்கோ 437-க்கோ இறக்குகிறார். கிட்டார் பக்கம் ஒரு தலையசைப்பு. கம்பியைத் தளர்த்தலாம், மேடையில் மூங்கிலை வெட்ட முடியுமா?

கோவை ஸ்டுடியோவிலும் அவர் இதே ஆள்தான். வேறெங்கோ பதிந்த குழல் தனி டிராக்காக வருகிறது. 1997இல் ஆட்டோ டியூன் வந்தபிறகு அதை 440-க்கு இழுத்து நிமிர்த்துவது சுலபம். அவரோ கீபோர்டைக் குழலுக்கு இறக்கிவிட்டுத்தான் ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கிறார். "சோலோவில் வேகம் பத்தாது" என்று விரலை எண்ணுகிறவர்கள் காதைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை. 1992இல் 'ரோஜா' வரும்வரை அதன் இசையமைப்பாளரும் அடுத்தவர் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தவர்தானே!

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். கரோக்கி மேடைகள் பெருகும். விரல் வேகத்தை மட்டும் நம்பியவர்களின் பிழைப்பில் தானாகவே பின்னணி வாசிக்கும் கீபோர்டின் ஸ்டைல் பொத்தான்தான் முதலில் கைவைக்கும். ஆள் வைத்து வாசிக்கும் குழுக்கள் ஒன்றிரண்டாகக் குறையக் குறைய அவற்றுக்குக் கிராக்கி ஏறும். ஐந்து வருஷத்துக்குள், நிஜக் குழலும் நிஜ வயலினும் பதிய நினைக்கும் கோவை ஸ்டுடியோக்கள் முதல் போனை நம்மவருக்குத்தான் போடும். அதற்குள் வால்பாறை நோம்பிக் கமிட்டிகள் அட்வான்ஸ் கொடுத்துவைத்துக்கொள்வது நல்லது.