தில்லித் திரைப்பட விழாக்களும் தமிழ்த் திறனாய்வின் அளவுகோலும்: 'அக்ரகாரத்தில் கழுதை'யை முன்வைத்து

முன்னுரை

தமிழ்த் துறைகளில் திரைப்படம் குறித்து நிகழ்ந்துள்ள ஆய்வுகளில் பெரும்பகுதி பாடல்களையும் உரையாடல்களையும் பற்றியன. திரைப்பாடலில் உவமை, வசனத்தில் அடுக்குமொழி எனச் சொல்லைச் சார்ந்த கூறுகளே மிகுதியும் ஆராயப்பட்டுள்ளன. காட்சியைக் காட்சியாகவே எதிர்கொள்ளும் முறை நம் ஆய்வில் இன்னும் வேரூன்றவில்லை. இத்துணைக்கும் கண்ணாலும் செவியாலும் தெளிவுற உணரும் அறிவுடையோர்க்கல்லது மெய்ப்பாட்டின் நயம் ஆராய்தற்கு அரிது என்னும் கருத்தோடுதான் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை நிறைவு செய்கிறார். கண்ணுக்கு முதலிடம் தந்த மரபின் வழிவந்தோர் திரைப்படத்தைச் செவியால் மட்டும் ஆராய்ந்து வந்துள்ளனர்.

இதற்கு மாறானதொரு பார்வை தமிழ்நாட்டிற்கு வெளியே, தில்லியில், உலகத் திரைப்பட விழாக்களின் சூழலில் உருவாயிற்று. அப்பார்வை அயன்மையானது, தமிழ் மரபினின்றும் விலகியது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. இக்குற்றச்சாட்டு பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தில்லியும் திரைப்பட விழாக்களும்

இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952ஆம் ஆண்டு சனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கியது. 23 நாடுகள் பங்கேற்ற அவ்விழா பின்னர் சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களிலும் நடைபெற்றது. டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', ரோசெல்லினியின் 'ரோம் ஓப்பன் சிட்டி' முதலிய இத்தாலியப் படங்கள் இந்தியப் படைப்பாளர் பலரிடம் ஆழ்ந்த தாக்கத்தை விளைவித்தன. இரண்டாம் விழா 1961இல் தில்லியிலேயே நடந்தது. 1965இல் நடந்த மூன்றாம் விழாவே போட்டிப் பிரிவுடன் அமைந்த முதல் விழா. சத்யஜித் ராய் அதன் நடுவர் குழுத் தலைவராக இருந்தார். 1973இல் திரைப்பட விழா இயக்ககம் நிறுவப்பட்டது. 2004இல் கோவாவிற்கு நிலையாக இடம்பெயரும் வரை தில்லியே இவ்விழாவின் முதன்மையான இடமாக விளங்கியது. 2022இல் அவ்வியக்ககமும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.

விழா நிகழாத மாதங்களில் அக்குறையைத் திரைப்படச் சங்கங்கள் நிறைவு செய்தன. 1959இல் தோன்றிய இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கிய சங்கங்களுள் தில்லிச் சங்கமும் ஒன்று. தலைநகராதலின் வெளிநாட்டுத் தூதரகங்களும் பண்பாட்டு மையங்களும் தத்தம் நாட்டுப் படங்களைத் திரையிட்டன. பிற்காலத்தில், அருணா வாசுதேவ் 1988இல் தொடங்கிய 'சினிமாயா' இதழின் வழி வந்த சினிஃபேன் விழா 1999 முதல் ஆசியப் படங்களைத் தில்லிக்குக் கொணர்ந்தது. நடுவணரசுப் பணியின் பொருட்டுத் தில்லியில் குடியேறிய தமிழர்க்குச் சென்னையில் இருந்தோர்க்கு எளிதிற் கிட்டாத ஒரு வாய்ப்பு இவ்வாறு கிட்டியது.

1965: இரு நாவல்கள், இரு படங்கள்

1965ஆம் ஆண்டு விழாவில் தங்க மயில் விருது பெற்றது 'கம்பெரலிய' என்னும் சிங்களப் படம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கியிருந்தார். படப்பிடிப்பு அரங்கை விட்டு வெளியேறி, பாடலும் ஆடலும் தவிர்த்து, ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் சரிவை அது காட்டியது.

அதே ஆண்டில் ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' வெளிவந்தது. அதிலும் பாடல்கள் இல்லை. சேரி வாழ்வைப் பொருளாகக் கொண்ட அப்படம் தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த கதைப்படத்திற்குரிய தகுதிச் சான்றினைப் பெற்றது. கடலால் பிரிந்த இரு மொழிகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில், நாவல் தன் மொழியின் திரைப்படத்தைச் சீர்செய்ய முனைந்தது கருதத்தக்கது. ஆயின் சிங்களத்தில் அம்முயற்சி ஒரு மரபின் தொடக்கமாயிற்று. தமிழில் அது ஒரு விதிவிலக்காகவே நின்றது. இவ்வேறுபாட்டிற்குப் படைப்பாளரின் ஆற்றல் மட்டுமே காரணமன்று. அத்தகைய படத்தை இனங்கண்டு விளக்கும் திறனாய்வு தமிழில் அன்று வலுப்பெற்றிருக்கவில்லை என்பதும் ஒரு காரணம் எனலாம்.

வெங்கட் சாமிநாதனின் பார்வை

இக்குறையை உணர்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் வெங்கட் சாமிநாதன் (1933-2015). ஹிராகுட் அணைக்கட்டுப் பணியிலிருந்து 1956இல் தில்லிக்கு வந்த அவர், சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' வழியாகத் திறனாய்வாளராக அறிமுகமானார். பிறமொழி நாடகம், ஓவியம், உலகத் திரைப்படம் ஆகியன தில்லியில் தமக்கு அறிமுகமானதைத் தம் எழுத்துகளில் பதிவு செய்துள்ளார். தமிழ் வணிகத் திரைப்படத்தை அவர் கடுமையாக மறுத்தார். இம்மறுப்பே அவரை மேட்டிமை மனத்தினர் என்று பலர் கருதக் காரணமாயிற்று.

ஆயின் இம்மதிப்பீடு ஓர் உண்மையைக் காணத் தவறுகிறது. வணிகப் படத்தை மறுத்த அதே வெங்கட் சாமிநாதன் தெருக்கூத்தையும் மெலட்டூர் பாகவத மேளாவையும் பாவைக்கூத்தையும் பெரிதும் போற்றினார். அயலக அளவுகோல் மட்டுமே அவரிடம் இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது. ஒரு கலை, தன் ஊடகத்திற்கும் தான் பிறந்த மண்ணின் வாழ்விற்கும் உண்மையாக இருக்கிறதா என்பதே அவர் கேட்ட வினா. இத்தாலியப் படம் அவ்வினாவிற்கு விடையளித்தது, தெருக்கூத்தும் விடையளித்தது, பேசும் நாடகத்தைப் படம்பிடித்துத் தந்த தமிழ்த் திரைப்படம் அளிக்கவில்லை. விழா அரங்கில் அவர் பெற்றது இவ்வினாவே என்று கொள்வது பொருந்தும்.

'அக்ரகாரத்தில் கழுதை': வடிவமும் வேரும்

இக்கருத்தைச் சோதிக்க அவர் திரைக்கதை எழுதி, ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) தக்க சான்று. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் ஒருவர் வளர்க்கிறார். கேலிக்கு அஞ்சித் தம் ஊர் அக்ரகாரத்திற்குக் கொண்டு செல்கிறார். அங்கு உமா என்னும் வாய்பேசாப் பெண் அதனைப் பேணுகிறாள். ஊரில் நேரும் தீங்குகளுக்கெல்லாம் கழுதையே காரணமாகக் காட்டப்படுகிறது. முடிவில் அது கொல்லப்படுகிறது. கொன்ற பின்னர் நன்மைகள் சில நிகழவே, ஊரார் அதனைத் தெய்வமாக்க முனைகின்றனர். இறுதியில் நெருப்பு அக்ரகாரத்தை அழிக்கிறது. பேராசிரியரும் உமாவும் எஞ்சுகின்றனர்.

கழுதையை நடுவாகக் கொண்டமையால் இப்படத்தை ராபர்ட் பிரெஸ்ஸோனின் 'ஓ அசார் பல்தசார்' (1966) என்னும் பிரெஞ்சுப் படத்தோடு ஒப்பிடுவர். அதன் சாயல் என்று ஒதுக்குவாரும் உளர். ஒப்புமை மேலோட்டமானதே. பிரெஸ்ஸோனின் கழுதை பலர் கைமாறித் துன்புற்று, மலைச்சரிவில் ஆட்டுமந்தையின் நடுவே அமைதியாக இறக்கிறது. அவ்விறப்பிற்குக் கிறித்தவப் பொருள் உண்டு. அங்குக் கழுதை தெய்வமாக்கப்படுவதில்லை, ஊரும் எரிவதில்லை.

இவ்விரண்டும் தமிழ் மரபிற்குரியன. அநீதியாகக் கொல்லப்பட்டோரைக் கொன்ற சமூகமே அஞ்சி வழிபடும் வழக்கம் நம் நாட்டார் தெய்வங்கள் பலவற்றின் தோற்றத்தில் உள்ளது. மதுரை வீரன் கதை இதற்கு எளிய சான்று. ஊரை எரிக்கும் நெருப்போ சிலப்பதிகாரத்தை நினைவூட்டுவது. மதுரையை எரிக்க விடுத்த தீயிடம், இன்னாரைத் தீண்டாதே எனக் கண்ணகி விலக்கும் பட்டியலில் முதலிடம் பெறுவோர் பார்ப்பனர். இப்படத்தில் அவ்வரிசை தலைகீழாகிறது: அக்ரகாரமே எரிகிறது, தப்புவோர் பேசவியலாத பெண்ணும் ஊரால் எள்ளப்பட்டவரும். காப்பியத்தில் வழக்குரைத்தவள் பெண். இங்கு எஞ்சும் பெண்ணுக்குப் பேச்சே இல்லை. ஆதலின் வழக்கைக் காட்சியே உரைக்க வேண்டியதாகிறது. வசனத்தை நம்பிய திரைமரபில் இது பெரும் மாற்றம். ஆசிரியர்கள் இவ்வொப்புமையைக் கருதிச் செய்தனரா என்பது வேறு வினா. படத்தின் அமைப்பு இப்பொருளுக்கு இடந்தருகிறது என்பதே இங்குப் பொருட்படுத்தத்தக்கது.

விழாப் பார்வையின் எல்லைகள்

இவ்வளவும் கூறிய பின் அப்பார்வையின் குறைகளையும் சுட்டுதல் நடுநிலைக்கு அழகு. முதலாவது, விழாப் படம் தமிழ்ப் பார்வையாளரைப் பெரும்பாலும் ஆங்கிலத் துணைத்தலைப்பின் வழியே அடைந்தது. ஈரானியரின் பேச்சில் உள்ள வட்டார வேறுபாட்டையோ சப்பானியரின் மரியாதை வழக்கையோ அது உணர்த்தாது. எனவே அப்பார்வை காட்சியில் கூர்மையும் பேச்சுமொழியில் மந்தமும் உடையதாகலாம்.

இரண்டாவது, அரங்கைப் பற்றியது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலை வெளி திரையரங்கமே என்றும், அங்கு இருக்கை சாதியால் அன்றிக் கட்டணத்தால் அமைந்தது என்றும் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துரைத்தார். விழா அரங்கில் நுழைவதற்கு அனுமதிச் சீட்டும், அதைப் பெறும் தொடர்பும், ஆங்கில அறிவும் வேண்டியிருந்தன. வணிகப் படத்தைப் பார்த்த கோடிக்கணக்கானோர் அதனிடம் எதைத் தேடினர் என்ற வினாவை விழாப் பார்வை போதிய அளவு எழுப்பவில்லை. அவ்வினாவைச் சிவத்தம்பியும் தியடோர் பாஸ்கரனும் எழுப்பினர். இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே வளர்ந்தமை தமிழ்த் திறனாய்வுக்கு நேர்ந்த இழப்பு.

முடிவுரை

தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்', கே.எஸ். சேதுமாதவனின் 'மறுபக்கம்' ஆகி, 1990ஆம் ஆண்டிற்கான தேசிய விருதுகளில் சிறந்த கதைப்படத்திற்குரிய தங்கத்தாமரையைப் பெற்றது. அப்பரிசு தமிழுக்குக் கிட்டியது அதுவே முதன்முறை. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருதை வென்றது. வறண்ட நிலத்தில் தந்தையும் மகனும் நடக்கும் அப்படத்தில் முதற்பொருளாகிய நிலமும் பொழுதுமே உரிப்பொருளைச் சுமக்கின்றன. திணைக் கோட்பாடு கற்ற தமிழ் மாணவர் அதனை விளக்க அயல்மொழிக் கலைச்சொற்களை நாட வேண்டியதில்லை.

தில்லியில் அரிதாகக் கிடைத்த படங்கள் இன்று இணையத்தின் வழி எவ்வூரிலும் கிடைக்கின்றன. வாய்ப்பு பரவியிருக்கிறது, பார்க்கும் பயிற்சி அவ்வாறு பரவவில்லை. உலகப் படத்தைக் காண்பதால் தமிழ் மரபு தேயும் என்னும் அச்சத்திற்கு 'அக்ரகாரத்தில் கழுதை' போதிய மறுப்பு. மெய்ப்பாட்டியலையும் அகத்திணையியலையும் கற்பிக்கும் வகுப்பறையிலேயே ஒரு திரைப்படமும் பாடமாக வைக்கப்படுதல் வேண்டும். செய்யுளை வரிவரியாகப் பயில்வதுபோல அதனைக் காட்சி காட்சியாகப் பயிலும் நாளில்தான் தமிழ்த் திரைப்பட ஆய்வு தன் கண்ணைப் பெறும்.